குடி பிரிவது குற்றமல்ல

"நாட்டுத் தேனீ நம்ம ஊருக்குச் சரிப்படாது. நாலு மாசம் இருக்கும், அப்புறம் பிரிஞ்சு ஓடிரும்." தேனீப் பெட்டி வாங்கி வைத்து, அது காலியானதும் மாட்டுக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டவர்களிடம் கேட்டால் இந்தத் தீர்ப்புத்தான் வரும். புதுக்கோட்டை மாதிரி வறண்ட மாவட்டத்தில் இதை மறுத்துப் பேசுவார் குறைவு. இதற்கான வைத்தியமும் பலருக்கு மனப்பாடம்: ராணி அறை கண்ணில் பட்டால் நறுக்கிவிடு, வாசலில் ராணித் தடுப்புத் தகட்டைப் போடு, துணிச்சல் இருந்தால் ராணியின் இறக்கையைக் கத்தரி. அத்தனையும் செய்தபிறகும் பெட்டி காலியானால், இத்தாலியத் தேனீக்கு மாறிவிடு.

தீர்ப்பு தவறு. வைத்தியம் அதைவிடத் தவறு. கடைசியில் சொல்லப்படும் மாற்று, இங்குள்ள சிறு விவசாயிகளில் பெரும்பாலோருக்குப் பொருந்தாதது. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

தேனீக்கள் பெட்டியை விட்டுப் போவது இரண்டு வகை. ஒன்று குடி பிரிதல், மற்றொன்று குடி ஓடுதல். இரண்டுக்கும் காரணம் வேறு, காலம் வேறு, விட்டுச்செல்லும் தடயமும் வேறு. காலிப் பெட்டியைப் பார்த்ததும் "பிரிந்து ஓடிவிட்டது" என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, தவறு அங்கேதான் தொடங்குகிறது.

குடி பிரிவது வளமான காலத்தில். பூ மிகுந்து, மகரந்தம் தாராளமாக வந்து, புழு அறையில் சட்டம் சட்டமாக ஈக்கள் நெருக்கியடிக்கும்போது பணித் தேனீக்கள் அடைகளின் கீழ் விளிம்பில் ராணி அறைகளைக் கட்டுகின்றன. அந்த அறைகளில் முதலாவது மூடப்பட்ட ஓரிரு நாளில் பழைய ராணி, பாதிக்குக் குறையாத பணித் தேனீக்களோடு வெளியேறி, பக்கத்து மரக் கிளையில் கொத்தாகத் தொங்குகிறது. பெட்டியில் மிச்சம் இருப்பவை: அடைகள், மூடிய புழு அறைகள், தேன், பிறக்கப்போகும் இளவரசிகள், மீதி ஈக்கள். ஆக, பிரிந்த பெட்டி காலிப் பெட்டி அல்ல. மகன் தனிக்குடித்தனம் போனதை வீடு இடிந்ததாக யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

குடி ஓடுவது வறட்சிக் காலத்தில். மகரந்தம் குறைந்ததும் ராணி முட்டையிடுவதைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடும். கடைசிப் புழு வளர்ந்து ஈயாக வெளிவந்ததும், மிச்சமிருக்கும் தேனைக் குடித்து வயிற்றில் நிரப்பிக்கொண்டு, ராணி உட்பட முழுக் குடியும் கிளம்பிவிடும். எறும்பு ஏறினாலோ, மெழுகுப் புழு அடையைத் துளைத்தாலோ, பெட்டியை ஓயாமல் திறந்து நோண்டினாலோ, புழு இருக்கும்போதே போட்டுவிட்டுப் போவதும் உண்டு. எப்படிப் போனாலும் பெட்டியில் ஒரு ஈகூட மிஞ்சாது.

சாட்சி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. காலியான பெட்டியிலிருந்து சட்டங்களை எடுத்து அடையின் கீழ் விளிம்பைப் பாருங்கள். விரல் நுனி அளவில் தலைகீழாகத் தொங்கும் கிண்ணங்கள் ராணி அறைகள். நுனி வட்டமாக அறுபட்டு, மூடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதிலிருந்து ஒரு ராணி முறையாக வெளியே வந்திருக்கிறாள். பக்கவாட்டில் ஓட்டை விழுந்திருந்தால், முந்திப் பிறந்தவள் உள்ளே இருந்த போட்டிக்காரியைத் தீர்த்துக்கட்டியிருக்கிறாள். இவை இருந்தால், காலியாவதற்கு முன் குடி பிரிந்திருக்கிறது என்று சொல்லலாம். ராணி அறையே இல்லாமல், உலர்ந்த அடைகளும், வெள்ளை நூலாம்படை பின்னிய மெழுகுப் புழுச் சுரங்கங்களும், பெட்டியின் காலில் எறும்புச் சாரையும் இருந்தால் அந்தக் குடி பிரியவில்லை. பிழைக்க வழியில்லாமல் ஊரைக் காலி செய்திருக்கிறது.

நாள்காட்டியும் ஒரு சாட்சி. இந்த மாவட்டத்தில் மழை அதிகம் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில். அது ஓய்ந்ததும் தரிசெல்லாம் பூக்கிறது. தையில் முந்திரியும் மாவும், பங்குனி சித்திரையில் வேம்பும் புங்கும். தென்னை ஆண்டு முழுக்கப் பாளை விடுகிறது. குடி பெருகுவதும் பிரிவதும் இந்த முன்பனி, பின்பனிக் காலத்தில். அதற்குப் பிறகு கண்மாய் வற்றி, தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் வெயிலில் நின்ற பெட்டி, குடிக்கத் தண்ணீரும் கிடைக்காமல் ஆனி, ஆடியில் காலியானால் அதைப் பிரிவின் கணக்கில் எழுத நியாயமே இல்லை. பஞ்சத்தில் யாரும் தனிக்குடித்தனம் வைப்பதில்லை.

ஆகவே "நிற்காது" என்ற பழியில் பெரும்பகுதி தேனீயின் மேல் வராது. நிழல் தராதவர் மேல் வரும். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாதவர் மேல் வரும். தேன் அறை வைக்காமல் புழு அறையின் அடையையே பிழிந்து, குடியின் பஞ்சகாலச் சேமிப்பைப் பாட்டிலில் அடைத்தவர் மேல் வரும். இவற்றைச் சரி செய்யாமல் ராணி அறைகளை நறுக்கிக்கொண்டிருப்பது, வராத நோய்க்கு மருந்து குடிப்பது.

சரி, உண்மையிலேயே பிரியப்போகிற குடி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது நறுக்கும் வைத்தியம் பலிக்குமா?

பிரிவுக்குக் காரணம் ராணி அறை அல்ல. அது முடிவெடுத்தபின் வெளிப்படும் அடையாளம். ராணியின் உடலிலிருந்து சுரக்கும் வாசனைப் பொருளே குடியைக் கட்டுக்குள் வைக்கிறது. இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காலின் பட்லர் 1950களில் இதை நிறுவினார். அந்தப் பொருள் ஈயிடமிருந்து ஈக்குக் கைமாறிப் பரவுகிறது. கூட்டம் பெருகி நெரிசலானால் கடைசி ஈ வரை அது போதுமான அளவு எட்டுவதில்லை. ராணிக்கு வயதாகிவிட்டால் சுரப்பும் குறைகிறது. அறைகளை நறுக்குவதால் நெரிசலும் குறையாது, ராணியின் வயதும் குறையாது. காரணம் அப்படியே இருக்க, நறுக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஈக்கள் மறுபடி கட்டும்.

நாள் கணக்கு இன்னும் கறாரானது. ராணியாகப் போகும் முட்டை 3 நாளில் பொரிகிறது. புழு சுமார் 5 நாள் வளர்ந்ததும் அறை மூடப்படுகிறது. முட்டையிட்டதிலிருந்து ஏறத்தாழ 16ஆம் நாள் ராணி வெளியே வருகிறாள். இன்று எல்லா அறைகளையும் நறுக்கினாலும், பொரிந்து ஒரு நாளான இளம்புழுக்கள் பெட்டியில் எப்போதும் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து வளர்த்தால் நாலைந்து நாளில் புதிய ராணி அறை மூடப்பட்டுவிடும். எனவே வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சட்டத்திலும் மொய்த்திருக்கும் ஈக்களை உதறிவிட்டு, மூலை முடுக்கெல்லாம் தேட வேண்டும். ஒன்று தப்பினாலும் உழைப்பு வீண். அதைவிட மோசம், நம் நாட்டுத் தேனீயான இந்தியத் தேனீ தொந்தரவு பொறுக்காத இனம். பிரியக்கூடாது என்று நாலு நாளுக்கு ஒருமுறை கலைக்கப்பட்ட குடி, பிரியாமல் முழுசாக ஓடிவிடும். வைத்தியமே நோயாகிற இடம் இது.

நறுக்குவதில் உயிருக்கே உலை வைக்கும் தவறு ஒன்று உண்டு. பழைய ராணி ஏற்கெனவே பிரிந்து போய்விட்டது, பெட்டிக்காரருக்குத் தெரியாது. அடுத்த வாரம் திறக்கிறார். தொங்கும் ராணி அறைகளைக் கண்டு "நல்லவேளை" என்று எல்லாவற்றையும் நறுக்குகிறார். அந்தப் பெட்டியில் இப்போது ராணியும் இல்லை, ராணியாகக் கூடிய இளம்புழுவும் இல்லை. கொஞ்ச நாளில் பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். நம் நாட்டுத் தேனீயில் இது வெகு சீக்கிரம் நடக்கும். ஓர் அறையில் ஒரு முட்டைக்குப் பதிலாக இரண்டு, மூன்று, நாலு என்று தாறுமாறாகக் கிடக்கும். கருவுறாத அந்த முட்டைகளிலிருந்து ஆண் ஈக்கள் மட்டுமே வரும். அதன்பின் அந்தக் குடியை மீட்பது அரிது. அழிந்ததற்குக் காரணம் என்னவென்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "பிரிஞ்சு ஓடிருச்சு."

எல்லா ராணி அறையும் பிரிவுக்கானதும் அல்ல. கீழ் விளிம்பில் வரிசையாகப் பல தொங்கினால் பிரிவுக்கு ஆயத்தம். அடையின் நடுப்பகுதியில் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால், சோர்ந்துபோன ராணியை மாற்றக் குடி தானே எடுக்கும் ஏற்பாடாக இருக்கலாம். அல்லது ராணி திடீரென்று செத்ததால் அவசரத்துக்குக் கட்டியதாக இருக்கலாம். கண்டதையெல்லாம் நறுக்குபவர் வாரிசையும் சேர்த்துக் கொல்கிறார்.

ராணித் தடுப்புத் தகட்டுக்கு வருவோம். இதற்கு ஒரே ஒரு நியாயமான பயன் உண்டு: புதிதாகப் பிடித்துப் பெட்டியில் ஏற்றிய கூட்டம் அடை கட்டி நிலைகொள்ளும் வரை சில நாள் போட்டு வைக்கலாம். நிரந்தரமாகப் போட்டால் வெளியே போக முடியாத ஆண் தேனீக்கள் தகட்டில் முட்டிமோதிச் செத்து வாசலை அடைக்கும். புதிய ராணி பிறந்திருந்தால் அவள் புணர்ச்சிப் பறப்புக்குப் போக முடியாது. வானத்தில் பறந்து பல ஆண்களோடு கூடித் திரும்பினால்தான் அவளால் பணித் தேனீ பிறக்கும் முட்டை இட முடியும். தகடு அந்தக் குடியின் எதிர்காலத்தையே அடைத்துவிடுகிறது. இறக்கை கத்தரிப்பதும் இப்படித்தான். பறக்க முடியாத ராணி வாசலுக்கு வெளியே மண்ணில் விழுவாள், எறும்பு தூக்கிப் போகும். கூட்டம் அன்று திரும்பி வரும். ஒரு வாரத்தில் புதிய ராணி பிறந்ததும் அவளோடு கிளம்பும். தள்ளிப்போட்டதைத் தவிர மிச்சம், நல்ல ராணி ஒன்று செத்தது.

இனி, "இத்தாலியத் தேனீக்கு மாறு" என்ற யோசனை. அந்த இனம் ஒப்பீட்டளவில் குறைவாகப் பிரியும், குறைவாக ஓடும், ஒரு பெட்டிக்குப் பல மடங்கு தேன் தரும். இவை உண்மை, மறுப்பதற்கில்லை. 1960களில் பஞ்சாபிலும் இமாசலத்திலும் அதை நிலைநிறுத்தியதும், வட மாநிலங்களின் கடுகு வயல்களில் அது கோலோச்சுவதும் இந்தக் குணங்களால்தான். ஆனால் அதற்குப் பரந்த பூப்பரப்பு வேண்டும். பூ முடிந்தால் லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். வறட்சியில் சர்க்கரைப்பாகு ஊற்ற வேண்டும். வரோவா உண்ணிக்கு மருந்து வைக்க வேண்டும். அந்த உண்ணி, நம் தேனீயும் அடங்கிய ஆசியத் தேனீயிலிருந்து அதற்குத் தொற்றியது. நம் தேனீ அதனோடு வாழப் பழகியது, இத்தாலியத் தேனீ பழகவில்லை. கொத்தமங்கலத்தில் ஒரு தென்னந்தோப்பும் கொல்லையில் பத்துப் பலாவும் வைத்திருப்பவர், இரண்டு பெட்டிக்காக லாரி பிடிக்க முடியாது. அவருக்கு ஏற்றது உள்ளூரிலேயே பிழைக்கத் தெரிந்த ஈ.

"பிரியாத தேனீ" என்று ஒன்று இருப்பதாக நினைப்பதும் மாயை. மேலை நாட்டுத் தேனீ வளர்ப்பு நூல்களில் மிக நீண்ட அத்தியாயங்களில் ஒன்று பிரிவைச் சமாளிப்பது பற்றியது. அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த ஜார்ஜ் டெமரீ 1892இல் எழுதிய முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது: ராணியைக் கீழே காலிச் சட்டங்களில் விட்டு, புழுச் சட்டங்களை மேலே ஏற்றி, நடுவில் ராணித் தடுப்பு வைப்பது. கவனிக்க வேண்டியது, அவர் ராணிக்கு இடம் கொடுக்கிறார், நெரிசலைக் கலைக்கிறார். அதன்பின்தான் மேலே உள்ள ராணி அறைகளை அகற்றுகிறார். நம் ஊரில் இடம் கொடுக்கும் பாதியை விட்டுவிட்டு நறுக்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நாட்டுத் தேனீ "சரிப்படாது" என்பவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரப்பினார். அதற்கும் முன்னால், நமக்குப் பக்கத்துத் திருச்சியில் பாதிரியார் நியூட்டன் இதே இந்தியத் தேனீயின் உடல் அளவுக்கும் குடி அளவுக்கும் பொருத்தமாக ஏழு சட்டப் பெட்டியை வடிவமைத்தார். இன்று நம் தோப்புகளில் நிற்பது பெரும்பாலும் அந்த நியூட்டன் பெட்டிதான். மார்த்தாண்டத்துக்காரர்கள் அதே ஈயை வைத்துத் தொழில் நடத்துகிறார்கள். அவர்கள் பிரிவைத் தடுப்பதில்லை, முந்திக்கொள்கிறார்கள். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் தை, மாசியில் தளிர்க் காம்பில் மதுரம் சுரக்கும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே குடிகளைக் கையால் பிரித்து எண்ணிக்கையைப் பெருக்கிவிடுகிறார்கள். உபரிக் குடிகளை விற்கவும் செய்கிறார்கள். நாம் குற்றம் என்று சொல்லும் குணம் அங்கே வருமானம்.

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் எழும். "தேன் வரத்து தொடங்கும் நேரத்தில் பாதி ஈ போய்விட்டால் அந்த ஆண்டுத் தேன் போச்சே? அதோடு நிற்காமல் இரண்டாவது, மூன்றாவது கூட்டமும் கிளம்பினால் தாய்ப்பெட்டி கையளவுதானே மிஞ்சும்?" இரண்டும் சரி. பிரிவைச் சும்மா வேடிக்கை பார்க்கச் சொல்லவில்லை. தடுப்பது வேறு, நடத்திவைப்பது வேறு என்கிறேன்.

நடத்திவைப்பது பெரிய வித்தை அல்ல. குடி ஆறேழு சட்டம் நிறைந்து, ஆண் ஈக்களின் அறைகள் தென்படத் தொடங்கியதும் தயாராக வேண்டும். நம் தேனீயில் ஆண் ஈயின் அறையைக் கண்டுபிடிப்பது எளிது: மூடி கூம்பாக எழும்பியிருக்கும், அதன் உச்சியில் ஊசி குத்தியது போல ஒரு துளை இருக்கும். ஆண் ஈக்கள் இல்லாத காலத்தில் பிரித்தால் புதிய ராணிக்குத் துணை கிடைக்காது. எனவே இந்தத் துளைதான் முகூர்த்தம். நோயில்லாத, சாதுவான, நன்றாகத் தேன் சேர்க்கும் குடியைத் தேர்ந்தெடுங்கள். பழைய ராணியையும் மூன்று சட்டங்களையும் புதிய பெட்டிக்கு மாற்றி, வேறு இடத்தில் நிழலில் வையுங்கள். அதில் மூடிய புழுவும் தேனும் மகரந்தமும் இருக்க வேண்டும். வயல்வெளிக்குப் போன ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பும்; எனவே புதிய பெட்டிக்குக் கூடுதலாக ஒரு சட்டத்து இளம் ஈக்களை உதறிச் சேருங்கள். பழைய பெட்டியில் நன்கு வளர்ந்த ராணி அறை ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். கத்திக்கு வேலை இங்கே மட்டும்தான். அதுவும் வாரிசு ஒன்றை உறுதிசெய்தபிறகு. பின்கூட்டங்கள் கிளம்பாமலிருக்க இதுவே வழி.

அதன்பின் இரண்டு வாரம் பழைய பெட்டியைத் திறக்காதீர்கள். ராணி பிறந்து, கூடி, முட்டையிட அவகாசம் வேண்டும். இரண்டு பெட்டிக்கும் பொழுது சாய்ந்தபின் சர்க்கரைப்பாகு கொடுங்கள். பகலில் ஊற்றினால் பக்கத்துக் குடி வந்து கொள்ளையடிக்கும். புதிய ராணியின் முதல் முட்டை பணித் தேனீயாக வெளிவர மூன்று வாரம், அது வயலுக்குப் போக மேலும் இரண்டு, மூன்று வாரம். இதைக் கூட்டினால், உங்கள் ஊரில் முக்கியப் பூ எப்போதோ அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் பிரிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் பெரும்பாலும் மார்கழி.

பிரிவால் இன்னொரு நன்மையும் உண்டு. பழைய ராணி போய், புதியவள் முட்டையிடும் வரை பெட்டியில் புதுப் புழு இருக்காது. புழுவில் வாழும் நோய்க்கு அது பட்டினிக் காலம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சீலியும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய பெட்டியில் வைத்துப் பிரிய விட்ட குடிகளில் வரோவா உண்ணி குறைவாகவும், பிழைத்த குடிகள் அதிகமாகவும் இருந்தன. பெரிய பெட்டிகளில் தேன் அதிகம் கிடைத்தது, சாவும் அதிகம். அது ஐரோப்பியத் தேனீயில் நடந்த ஆய்வு. நமக்கு நினைவில் இருக்க வேண்டியது 1991–92. தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னிந்தியாவில் பரவி, நாட்டுத் தேனீக் குடிகளில் பெரும்பாலானவற்றை அழித்தது. புழு பை போல ஊதி, தலையை நிமிர்த்தியபடி அறைக்குள்ளேயே செத்தது. அந்த நச்சுயிரிக்கு இன்றும் மருந்து இல்லை. புழு வளர்ப்பைச் சிறிது காலம் நிறுத்திவைப்பது பரிந்துரைக்கப்படும் வழிகளில் ஒன்று. பிரிவு அதைத் தானாகவே செய்கிறது.

இத்தனைக்கும் நம் பெட்டிகளை எதைக் கொண்டு நிரப்புகிறோம்? புளியமரப் பொந்திலும், பாழுங்கிணற்றுச் சுவரிலும் இருக்கும் குடியைப் பிடித்து வந்து ஏற்றுகிறோம். அந்தக் குடி அங்கே எப்படி வந்தது? எங்கோ ஒரு கூட்டிலிருந்து பிரிந்து வந்தது. பிரிவைப் பழித்துக்கொண்டே, பிரிந்ததைப் பிடித்துப் பிழைக்கிறோம். அந்தப் பொந்துகளும் குறைந்துவருகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரத்தில் எத்தனை பலாவையும் தென்னையையும் சாய்த்தது என்பது இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காட்டிலிருந்து ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே இருக்க முடியாது. பெட்டியிலேயே பிரித்துப் பெருக்கத் தெரிந்தால் பொந்தில் இருப்பதைப் பொந்திலேயே விட்டுவிடலாம்.

வம்பனில் வேளாண் அறிவியல் நிலையமும் குடுமியான்மலையில் வேளாண்மைக் கல்லூரியும் இருக்கும் மாவட்டம் இது. தேனீ வளர்ப்புப் பயிற்சி என்றால் ஒரு நாள் வகுப்பு, கையில் ஒரு பெட்டி என்ற அளவில் முடிந்துவிடக் கூடாது. மார்கழியில் ஒரு தோப்பில் வைத்து, ஒரு குடியை இரண்டாக்கிக் காட்டும் பயிற்சி வேண்டும். ஆனியில் நிழலும் தண்ணீரும் எறும்புத் தடுப்பும் சரிபார்க்கும் பயிற்சி வேண்டும். திட்டத்தின் வெற்றியைக் கொடுத்த பெட்டிகளின் எண்ணிக்கையில் அளக்காமல், அடுத்த ஆடியில் ஈயோடு நிற்கும் பெட்டிகளின் எண்ணிக்கையில் அளந்தால் போதும், மற்றவை தாமே திருந்தும்.

பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலியான பெட்டியைக் கவிழ்ப்பதற்கு முன் திறந்து பாருங்கள். பிரிந்ததா, ஓடியதா என்று அடையிடம் கேளுங்கள். அடுத்த முறை, ஈ நிறைந்த பெட்டியில் ராணி அறைகள் தொங்குவதைக் கண்டால் கத்தியைத் தேடாதீர்கள். இன்னொரு பெட்டியைத் தேடுங்கள்.